நீலம் வந்தால் சொல்

அக்டோபர் 6

இன்றும் தட்டில் வளையம் இல்லை.

பூஞ்சை மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது. பஞ்சுபோல வெள்ளை. அதைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் விழுந்தால்தான் நொதி சுரக்கிறது என்று அர்த்தம். வளையம் விழாத பூஞ்சை, மாமியார் வீட்டில் தின்றுவிட்டுத் தூங்குகிற மாப்பிள்ளைக்குச் சமம்.

ஆய்வகக் குறிப்பேட்டில் இப்படியெல்லாம் எழுத முடியாது. 'வளையம்: இல்லை' என்று எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சத்தை எழுதத்தான் இந்த டைரி. என் மனைவி காந்திமதி வாங்கித் தந்தது. "நீ ஆருகிட்டயும் வாயத் தொறக்க மாட்ட. இதுலயாவது பேசித் தொல" என்று சொல்லிக் கையில் திணித்தாள்.

பூஞ்சை என் துறையே அல்ல. எங்கள் ஆய்வகத்தில் வளர்ப்பது அவள், பிரித்தெடுப்பது நான். அவள் பூஞ்சையை ஊட்டி வளர்த்து, அது கக்கும் சாற்றை என்னிடம் தருவாள். அந்தச் சாற்றில் கிடக்கும் ஆயிரம் குப்பைகளுக்கு நடுவிலிருந்து நொதியை மட்டும் தனியே எடுப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். இப்போது அவள் ஓய்வுக்காகப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். இரண்டு வேலையும் என் தலையில்.

ஓய்வு முடிந்ததும் வந்துவிடுவாள்.

அக்டோபர் 8

வளையம் இல்லை. மழை.

அக்டோபர் 11

பாளையங்கோட்டை போயிருந்தேன். அத்தை, அதாவது காந்தியின் அம்மா, கதவைத் திறந்து "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். காந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மா காதில் விழுகிற தூரத்தில் இருக்கும்வரை "வாங்க, உக்காருங்க" என்றாள். அடுக்களையில் மிக்ஸி சத்தம் கேட்டதும் பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

"ஏல நயினாரு, என் பிள்ள எப்படி இருக்கு?"

"உன் பிள்ள தின்னுது, தூங்குது. ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கு."

"என்னத்தப் போடுத?"

"உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரை. புத்தகத்துல உள்ளதுதான்."

தலையில் அடித்துக்கொண்டாள். "அது மரத்துல கெடந்து வளந்ததுல்லா? சர்க்கரைய ஊட்டுனா அது எதுக்குல நொதி சுரக்கும்? கட்டையக் கொடு. மருதங்கட்டைத் தூளு. பல்லு இருக்குன்னு அதுக்கு ஞாபகம் வரட்டும்."

இந்தப் பூஞ்சை கிடைத்ததே ஒரு மருத மரத்தில்தான். கல்யாணமாகி மறுவீடு வந்த அன்று எங்களைக் குறுக்குத்துறைக் கோயிலுக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் மருதம் ஒன்று விழுந்து கிடந்தது. அதன் மேல் தட்டுத் தட்டாகப் பூஞ்சை. இவள் பட்டுச்சேலையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொண்டை ஊசியால் அதைச் சுரண்டி, என் புது வேட்டியின் முனையில் முடிந்துவிட்டாள். கறை இன்னும் போகவில்லை.

அந்தப் பூஞ்சை சுரக்கும் நொதி எல்லா நிறத்தையும் தின்னும். சாயப்பட்டறைக் கழிவுநீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அதற்கென்று ஒரு நிறம் இருக்கிறது. உள்ளே செம்பு இருப்பதால் நீலம். ஆனால் முற்றிலும் சுத்தமாகி, கெட்டியான பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் ஏதாவது வந்துவிடும். போன தடவை அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது.

புது ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருந்தது. என் பையில் இருக்கிறது.

அக்டோபர் 13

மரம் அறுக்கும் பட்டறையில் மருதத் தூள் கேட்டேன். எதற்கு என்றார்கள். பூஞ்சைக்கு என்றேன். தேக்கும் வேம்பும் கலந்த தூளைக் கட்டிக்கொடுத்து "இதையும் திங்கும் சார்" என்றார்கள். மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் ஒரு மருதக் கட்டையை எனக்காக ரம்பத்தில் விட்டார்கள். சட்டையெல்லாம் சிவப்புத் தூள்.

அக்டோபர் 20

டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். அவருக்குப் பின்னால் நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. பொங்கல் என்று ஏதோ சொன்னார். பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

வெளியே வந்ததும் காந்தி கேட்டாள். "கல்லீரலுக்கு வந்துட்டு, அதானே?"

"டாக்டர் அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்னாரு?"

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

அக்டோபர் 25

வளையம் விழுந்துவிட்டது! பூஞ்சையைச் சுற்றிச் செம்பழுப்பு. வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கிறது. படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவள் குரலையே பதிந்து அனுப்பினாள். "எம்பிள்ளல்லா!" பின்னால் அத்தை என்னவோ கேட்பதும், இவள் சிரிப்பதும், சிரிப்பு இருமலாக மாறுவதும் கேட்கிறது.

பலமுறை கேட்டேன். இருமலுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

அக்டோபர் 27

குடுவைகளில் மரத்தூளும், செம்புக்காகத் துளி மயில்துத்தமும் சேர்த்துப் பூஞ்சையை விட்டுக் குலுக்கி எந்திரத்தில் ஏற்றினேன். பேராசிரியர் தேவசகாயம் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"நயினார், இது எங்கயும் ஓடிப்போகாது. நீங்க லீவு போட்டுட்டு அவங்களோட இருங்க."

"நீலத்தப் பாக்கணும்னு அவ கேக்கா சார்."

"அவங்க கேக்கது நீலத்தையா?"

இதற்கு நான் என்ன சொல்வது? கேட்டது நீலத்தைத்தான். நேற்று போனில் தெளிவாகச் சொன்னாள். "ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்ல, ஒன்ன வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? பேராசிரியருக்கு எல்லாவற்றிலும் இன்னொரு அர்த்தம் வேண்டும்.

நவம்பர் 1

தீபாவளி. கட்டிடத்தில் வாட்ச்மேனும் நானும்தான். வெடிச் சத்தத்தில் குலுக்கியின் சத்தம் கேட்கவில்லை, நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை ஓடிப் பார்த்தேன். சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் போகலாம்.

நவம்பர் 2

அவள் எனக்காக ஒரு அதிரசத்தைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாள். எறும்பு வந்துவிட்டது. எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றேன். அவள் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அத்தை சொன்னார்கள்.

நவம்பர் 9

அறுவடை. சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டினேன். கள்ளின் வாடை. ஐஸ் மீது பாத்திரத்தை வைத்து, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினேன். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் நொதி சுருண்டுவிடும். கை மரத்துப் போனது. எங்கள் ஆய்வு மாணவி பானு "கொஞ்ச நேரம் நான் போடுதேன் அண்ணே" என்றாள். விடவில்லை. இது என் பாகம்.

சாயங்காலம் அத்தையின் போன். காந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்துவிட்டதாம், எடுத்தால் சரியாகிவிடுமாம்.

நவம்பர் 13

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பிசின் மணிகள் அடைத்த கண்ணாடிக் குழலில் சாற்றை ஏற்றி, பஃபர் கரைசலை ஊற்றி, கீழே சொட்டுவதைக் குழாய் குழாயாகப் பிடித்தேன். நொதி இருக்கும் குழாயில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் பச்சையாக மாற வேண்டும். முதல் குழாயில் தொடங்கிக் கடைசிக் குழாய்வரை விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. பச்சைத் தண்ணீராக நின்றது என்று எழுத எவ்வளவு ஆசைப்பட்டேன்! வெறும் தண்ணீராக நின்றது.

செத்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பும் செத்துவிட்டது. ஆத்திரத்தில் எல்லாக் குழாய்களையும் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

பானு பார்த்துக்கொண்டே நின்றாள். "நாளைக்கு ஒருக்கப் பாத்திருக்கலாமே அண்ணே" என்றாள். செத்ததை நாளைக்குப் பார்த்தால் மட்டும் எழுந்து வந்துவிடுமா என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டது.

நவம்பர் 14

காந்தியிடம் சொல்லாமல் மறைக்கத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டாள். உப்பு எவ்வளவு, குளிர் எவ்வளவு, பஃபர் என்ன.

"எப்பவும் போடுற பஃபர்தான்."

"அதுல அசைடு கெடக்குமே?"

கிடக்கும். பஃபர் கெடாமல் இருக்க ஒரு துளி சோடியம் அசைடு போட்டு வைப்பது என் பழக்கம். இதற்கு முன் நான் பிரித்தெடுத்த நொதிகளுக்கெல்லாம் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. ஆனால் இந்த நொதியின் செம்பை அசைடு போய்க் கவ்விக்கொள்ளும். கவ்விக்கொண்டால் நொதி அசையாது. இது எனக்குத் தெரியாததல்ல. பாடமே எடுத்திருக்கிறேன். கை அதன் பாட்டுக்குப் பழைய பாட்டிலை எடுத்துவிட்டது.

காந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது சாகலல. மூச்ச அடக்கிட்டு இருந்திருக்கும். நல்ல பஃபர்ல போட்டுக் கழுவியிருந்தா எந்திரிச்சிருக்கும்."

"நொதிக்கு ஏது மூச்சு?" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்கு இப்படித்தான் வாய் போகும். அவள் ஆய்வேட்டில் 'நொதி உயிரோடு இருந்தது' என்று எழுதிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தவன் நான். நொதி வெறும் புரதம். அதற்கு உயிரும் இல்லை, சாவும் இல்லை.

"சரி, எங்கன வச்சிருக்க? கழுவிப் பாரு."

தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "போகட்டும். ஒனக்கு எப்பவுமே அவசரம். எல்லாத்துக்கும் முந்தியே முடிவு கட்டிருவ" என்றாள்.

நவம்பர் 15

புதுக் குடுவைகள். புது மரத்தூள். அசைடு பாட்டிலைக் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். பானுவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 21

மழை ஓயவில்லை. கரண்ட் அடிக்கடி போகிறது. குலுக்கி நின்றுவிட்டால் குடுவைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுழற்றுகிறேன். பானுவும் சேர்ந்துகொள்கிறாள். அவள் ஓதிக்கொண்டே சுழற்றுகிறாள். நான் சும்மா சுழற்றுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அத்தை இரண்டு முறை போன் செய்தார்கள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இருந்தது.

நவம்பர் 23

போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்னக் கையா இவளுக்கு? எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். விழித்ததும் முதலில் என்னைத்தான் கேட்டாளாம்.

நவம்பர் 29

அறுவடை. முன்னைவிட நல்ல சாறு.

டிசம்பர் 3

உப்பில் படிந்ததைக் கரைத்துச் சவ்வுப் பையில் கட்டி, உப்பு வெளியேறப் பஃபரில் மிதக்கவிட்டிருந்தேன். இனிக் குழலில் ஏற்ற வேண்டும், பிறகு கெட்டியாக்க வேண்டும். அதற்குள் அத்தையிடமிருந்து போன். "மாப்ள, எல்லாத்தையும் போட்டுட்டு ஒடனே வாங்க."

பைக்குள் இருந்ததில் கொஞ்சத்தைச் சிறு குழாயில் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்துக்கொண்டு ஓடினேன். இன்னும் பாதிக்குமேல் குப்பைதான். பழுப்பாக இருந்தது. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். ஐஸ் உருகி வேட்டி நனைந்தது.

காந்தியின் கண்கள் மஞ்சளாக இருந்தன. அத்தை கால்மாட்டில் இருந்தார்கள்.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்துட்டேன்."

"நீலமா?"

"நீலந்தான்."

"ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடி."

பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏல நயினாரு, இது டீத்தண்ணி."

தன் அம்மாவுக்கு முன்னால் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் விடாமல் வெளிச்சம் போதவில்லை, உற்றுப் பார்த்தால் நீலம் தெரியும் என்று உளறினேன்.

"எனக்குப் பொய் சொல்லாதல. வந்தாச் சொல்லு."

"சொல்லுதேன்."

"மறந்துராத."

டிசம்பர் 5

காந்தி இன்று விடியலில் போய்விட்டாள்.

டிசம்பர் 7

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே கிடந்து சுற்றும்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். வாசலில் பந்தல் மறைப்புக்குள் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். வழக்கம்போல ஆளுக்கொரு செம்பு ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். "நல்லாக் கழுவுங்க" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னும் ஊத்துங்க, நல்லாக் கழுவுங்க" என்றேன். யாரோ தோளைப் பிடித்தார்கள். நான் செம்பை வாங்கி நானே ஊற்றினேன். குடத்துத் தண்ணீர் தீர்ந்ததும் வாளியில் ஊற்றினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். ஒரு தடவை அவசரப்பட்டுவிட்டேன், இரண்டாவது தடவையும் அவசரப்படக் கூடாது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

அவள் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 22

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. இன்று ஆய்வகம். கெட்டுப் போயிருக்கும், கழுவி வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

பானு குளிரறையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வந்தாள். நான் போட்டது போட்டபடி ஓடிய அன்றே பையிலிருந்ததை மறுபடி உப்பில் இட்டு வைத்திருக்கிறாள். உப்பில் கிடந்தால் கெடாது.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் அண்ணே" என்றாள்.

டிசம்பர் 26

குழலில் ஏற்றினேன். புதுப் பஃபர், நானே கலக்கியது, வேறொன்றும் போடாதது. பழுப்பெல்லாம் முதலில் இறங்கி ஓடியது. பிறகு நெடுநேரம் வெறும் தண்ணீர். பிறகு வந்த குழாய்களைச் சோதித்தேன். பச்சை, பச்சை, பச்சை.

சேர்த்துக் கெட்டியாக்க மாலையாகிவிட்டது. கடைசியில் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்துப் பார்த்தேன்.

நீலம்.

பள்ளிக்கூடத்துச் சட்டைக்குப் போடுகிற சொட்டுநீல நிறம், ரொம்பவும் வெளிறியது. ஆனால் நீலம்தான். பானுவைக் கூப்பிட்டுக் கேட்டேன், நீலம்தான் என்றாள்.

போனை எடுத்து காந்தியின் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். அத்தை. மகளுடைய போனுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

"என்ன மாப்ள?"

"நீலம் வந்துட்டு அத்தே."

"நான் வாரேன்" என்றார்கள்.

"நானே கொண்டு வாரேன் அத்தே."

"வேண்டாம். வெயில்ல கொண்டு போனாக் கெட்டுரும்னு அவ சொல்லுவா. அங்கனயே இருக்கட்டும். காலைல வாரேன்."

டிசம்பர் 27

அத்தை தனியாக இரண்டு பஸ் மாறி வந்தார்கள். மகள் இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்துக்கு இன்றுதான் முதல் முறையாக வருகிறார்கள். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். போட்டுக்கொண்டே வரலாம் என்றேன், கேட்கவில்லை. காந்தியின் மேசையைக் காட்டினேன். அதன் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, எங்கே என்று கேட்டார்கள்.

ஐஸிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"இம்புட்டுத்தானா மாப்ள?"

"இம்புட்டுத்தான் அத்தே."

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் நகர்ந்து, அன்று நான் பிடித்தது போலவே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். குழாயை லேசாகச் சாய்த்தார்கள், உள்ளே நீலம் ஆடியது.

"எம்மா, வந்துட்டுடீ" என்றார்கள். என்னிடம் அல்ல.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "மாப்ள, இது உசுரோட இருக்கா?"

நொதி வெறும் புரதம். உயிரும் இல்லை, சாவும் இல்லை. எத்தனையோ தடவை சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது.

சோதனைத் திரவத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அத்தை முன்னால் வைத்தேன். நீலத்தில் ஒரே ஒரு சொட்டை எடுத்து விட்டேன். விட்ட இடத்திலிருந்து பச்சை கிளம்பிக் கிண்ணம் முழுக்கப் பரவியது.

"இருக்கு அத்தே" என்றேன். "உசுரோடதான் இருக்கு."